பழைய வண்டி என்றால் கியர் அப்படித்தானா?

"பழைய வண்டிண்ணே, கியர் அப்படித்தான் இருக்கும்." திருக்கோஷ்டியூர், திருப்பத்தூர், காரைக்குடி என்று இந்தப் பக்கம் எங்கே கேட்டாலும் கிடைக்கிற பதில் இதுதான். விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் தலையாட்டுகிறார், பட்டறையில் நிற்பவர்கள் ஆமோதிக்கிறார்கள். இரண்டாவது கியர் கரகரக்கிறதா? அப்படித்தான். ரிவர்ஸ் விழ மூன்று தடவை முயல வேண்டியிருக்கிறதா? அப்படித்தான். கியரில் கிடக்கும்போதும் ராடு ஒரு சாண் ஆடுகிறதா? அதுவும் அப்படித்தான்.

இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்கணும் என்பார் ஒருவர். வண்டியைத் தள்ளிவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்குங்க என்பார் இன்னொருவர். இருபது வயதுப் பையன்களிடம் கேட்டால் ஷார்ட் ஷிப்டர் போடச் சொல்வார்கள். கேட்க மூன்று யோசனைகள்; மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. கியர் விழும் விதம் என்பது வண்டியோடு பிறந்த குணம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது பெரிய காசைக் கொட்டி மாற்றலாம், சாதாரணப் பராமரிப்பால் திருத்த முடியாது என்ற நம்பிக்கை. இது தவறு. பெரும்பாலான வண்டிகளில் கியர் கெட்டுக் கிடப்பது பெட்டிக்கு வெளியே. கிளட்ச், கேபிள், புஷ், மவுண்டிங், ஆயில் ஆகிய ஐந்து இடங்களில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். ஐந்தையும் பெட்டியைப் பிரிக்காமலே சரிசெய்யலாம்.

இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்காக யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. இந்தப் பகுதியில் கார் என்றால் முக்கால்வாசி வாடகைக்கு ஓடுவதும், ஒரு குடும்பம் விற்று இன்னொரு குடும்பம் வாங்கியதும்தான். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி, பட்டமங்கலம், திருக்கோஷ்டியூர் என்று ஒரே நாளில் கோயில் கோயிலாகச் சுற்றும் டிரைவர், ஒவ்வொரு ஊர் வளைவிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும், ஒவ்வொரு ஆட்டு மந்தையிலும் கியரைக் குறைத்து மறுபடி ஏற்றுகிறார். மாசி மகத்துத் தெப்பத்துக்கு விளக்குப் போட வரும் கூட்டத்தில், வண்டிகள் ஊர்ந்துகொண்டே நிற்கும்போது, முதல் கியரும் இரண்டாவது கியரும்தான் அவருடைய உலகம். ஒரு தடவைக்கு ஒரு தடவை முரண்டு பிடிக்கும் கியர் அவருடைய தோளையும் மணிக்கட்டையும் தின்கிறது. வளைவில் கியர் விழாமல் நியூட்ரலில் உருண்டுபோகும் வண்டியில் என்ஜின் பிரேக் கிடையாது. இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

என்னை அதிகமாகக் கோபப்படுத்துவது வேறொன்று. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பெண்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் இன்னொருவரை எதிர்பார்க்காமல் போக வேண்டும் என்று ஐம்பது வயதுக்கு மேல் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற ஆச்சிமார் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் பழகிய பயிற்சி வண்டியில் நானும் ஏறிப் பார்த்தேன். ரிவர்ஸ் விழவில்லை. "ஆச்சி, உங்களுக்குக் கை இன்னும் பழகலை" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அந்த வண்டியில் யாருக்குமே கை பழகாது. கிளட்ச் பெடல் முழுவதும் இறங்கவில்லை; கீழே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மிதியடி போட்டிருந்தார்கள். மேல் மிதியடியை எடுத்துப் பின் சீட்டில் வைத்ததும் ரிவர்ஸ் விழுந்தது. வண்டியின் குறையை ஓட்டுகிறவரின் குறையாக மாற்றி, ஆர்.டி.ஓ. மைதானம் வரை போகாமலே எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருப்போம்! "அப்படித்தான்" என்ற சொல்லால் வரும் முதல் நஷ்டம் இது.

ஏன் மிதியடியை எடுத்ததும் கியர் விழுந்தது என்பதற்கு, கியர் மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இன்றைய பெட்டியில் முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் ராடைத் தள்ளும்போது ஒரு ஃபோர்க் ஒரு ஸ்லீவை நகர்த்துகிறது. அந்த ஸ்லீவ் போய், நமக்கு வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் சிங்க்ரோ ரிங், பட்டறை மொழியில் கோன். பெரும்பாலும் பித்தளைக் குடும்பத்து உலோகத்தில் செய்த, உள்பக்கம் சரிவான வளையம். அது சக்கரத்தின் சரிவில் உரசி, வேகத்தைச் சமன் செய்யும்வரை ஸ்லீவை உள்ளே விடாமல் தடுக்கும். சமமானதும் வழிவிடும். அமெரிக்காவில் ஏர்ல் தாம்சன் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1928-இல் காடிலாக் காரில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் அந்த வேலையை ஓட்டுநரின் காதும் காலும்தான் செய்தன.

இந்தச் சின்ன வளையத்தால் கிளட்ச் பிளேட்டையும் உள்தண்டையும் வேகம் குறைக்கவோ கூட்டவோ முடியும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினை எதிர்த்து நிற்க முடியாது. கிளட்ச் முழுவதும் விடாமல், பிளேட் லேசாக உரசிக்கொண்டே இருந்தால், வளையம் ஒரு பக்கம் வேகத்தைச் சமன் செய்யப் பார்க்க, என்ஜின் இன்னொரு பக்கம் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கைக்கு அது முரண்டாகத் தெரியும், காதுக்குக் கரகரப்பாகத் தெரியும். பல வண்டிகளில் ரிவர்ஸுக்குக் கோன் கிடையாது. அதனால் கிளட்ச் விடாத குறை முதலில் ரிவர்ஸில்தான் காட்டிக்கொடுக்கும். குறை கியர் பாக்ஸில் என்று நம்பிப் பெட்டியை இறக்கினால், நன்றாக இருக்கும் பெட்டியைத்தான் பிரிக்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து, எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று தட்டி நின்றால் வண்டியை லேசாக அசைத்துவிட்டு மறுபடி போடலாம். பிறகு என்ஜினை ஓட விட்டு, நின்ற இடத்திலேயே அதே காரியத்தைச் செய்யுங்கள். நிறுத்தியபோது எளிதாக விழுந்து, ஓடும்போது முரண்டினால் கிளட்ச் முழுக்க விடவில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி முரண்டினால் கேபிள் அல்லது ராடு இணைப்பில் கோளாறு. எல்லாம் நன்றாக விழுந்து, ஓட்டும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால், அப்போதுதான் உள்ளே அந்தக் கியரின் கோனைச் சந்தேகிக்க வேண்டும். "இறக்கிப் பார்க்கணும்" என்று சொல்பவரிடம், இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கேளுங்கள். செய்யாமல் இறக்கச் சொல்வது, நாடி பார்க்காமல் வயிற்றைக் கீறச் சொல்வது.

கிளட்ச் ஏன் முழுதும் விடாமல் போகிறது? கேபிள் கிளட்ச் வண்டிகளில் கேபிள் நாளடைவில் நீண்டு பெடலில் வெற்று ஆட்டம் கூடிவிடுகிறது. மிதிப்பில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும். அதற்கு ஒரு நட்டைத் திருகி அளவு வைத்தால் போதும். வேடிக்கை என்னவென்றால் பிளேட் தேயும்போது இதே ஆட்டம் குறையும். ஆகவே ஒரு தடவை வைத்த அளவு என்றைக்கும் நிற்காது, அவ்வப்போது பார்க்க வேண்டியது. ஹைட்ராலிக் கிளட்சில் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிரேக் திரவம் போலவே அதையும் மாற்ற வேண்டும் என்று பலருக்கு ஞாபகமே வருவதில்லை. குழாயில் காற்றுப் புகுந்தாலோ, மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ ரப்பர் சீல் கசிந்தாலோ, பெடல் தரைவரை போகும், கிளட்ச் விடாது. பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்தபின் கியர் விழுகிறது என்றால் காரணம் இங்கேதான். அதைவிட்டுக் கியர் பாக்ஸின் மேல் பழி போடுவது அநியாயம்.

அடுத்தது இணைப்பு. முன்சக்கர இழுவைக் கார்களில் பெட்டி என்ஜினோடு குறுக்காகப் படுத்திருக்கிறது. ராடு நம் கைப்பக்கம் இருக்கிறது. இடையில் இரண்டு கேபிள்கள்: ஒன்று முன்னும் பின்னும், மற்றது இடமும் வலமும். சில கார்களில் கேபிளுக்குப் பதில் இரும்பு ராடு இணைப்பு. இரு முனைகளிலும் ரப்பர் அல்லது நைலான் புஷ். நம்ம ஊர் வெயிலில் என்ஜின் சூடும் சேர்ந்தால் அந்தப் புஷ் காய்ந்து வெடிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராடின் கைப்பிடி ஐந்து பங்கு நகர்ந்தால் பெட்டிப் பக்கம் ஒரு பங்கு நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புஷ்ஷில் 1 மில்லிமீட்டர் தேய்மானம் கைப்பிடியில் 5 மில்லிமீட்டர் ஆட்டமாக வரும். அப்படி நான்கு மூட்டு தேய்ந்தால் 20 மில்லிமீட்டர். மூன்றாவது கியர் எங்கே, ஐந்தாவது எங்கே என்று கை துழாவுகிறதே, அது பெட்டி செத்ததன் அடையாளம் என்று எண்ணுகிறோம். சில நூறு ரூபாய்ப் புஷ்களும் ஒரு பிற்பகலும் தான் வேண்டியவை. கேபிளைப் பெட்டி முனையில் கழற்றிவிட்டு, பெட்டியின் லிவரைக் கையாலேயே அசைத்துப் பார்க்கலாம். அது வழுவழுப்பாக நகர்ந்தால் குற்றவாளி கேபிள்தான்.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல, இருந்து தொலைந்த அறிவு. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் ஒரு காலத்தில் நின்ற அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் நினைத்துப் பாருங்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடருக்கும், ஃபியட் 1100-லிருந்து வந்த பத்மினிக்கும் நெடுங்காலம் கியர் ராடு ஸ்டீயரிங் தண்டில்தான் இருந்தது. அங்கிருந்து பெட்டி வரைக்கும் ராடும் மூட்டும் புஷ்ஷுமாக ஒரு நீண்ட பயணம். நடுவில் மாட்டிக்கொண்டால் அந்தக் கால டிரைவர் இறங்கி, பானட்டைத் திறந்து, இணைப்பைக் கையால் தட்டி விடுவித்துவிட்டுப் போவார். கோளாறு பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதல் கியருக்குக் கோன் இல்லாததால், நகரும் வண்டியில் அதைப் போட வேண்டும் என்றால் கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியர் என்று இரட்டை மிதி மிதிப்பார். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ராடு தரையில் இருந்தது. அதை ஓட்டியவர்கள் வித்தியாசத்தைப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். 1990-களில் அம்பாசடருக்கு இசுசு 1800 சிசி என்ஜினோடு ஐந்து கியரும் தரை ராடும் வந்தபோது நல்ல டிரைவர்கள் கொண்டாடியதற்குக் காரணம், கைக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த அந்த நீண்ட பயணம் சுருங்கியதுதான். அவர்கள் யாரும் கியரை வண்டியின் தலைவிதியாகப் பார்க்கவில்லை.

ஆயில் விஷயத்தில் இந்தப் பகுதியில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையைத் தனியாகவே மறுக்க வேண்டும். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும்" என்று, கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும், ஆகக் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். சத்தம் கொஞ்சம் குறையும், உண்மைதான். சத்தம் குறைந்ததையே குணமானதாக எடுத்துக்கொள்கிறார்கள். கோன் வேலை செய்வது உராய்வால். அதற்கும் சக்கரத்தின் சரிவுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தை வெட்டி ஒதுக்கத்தான் கோனின் உள்பக்கம் மெல்லிய வரிகள் வெட்டியிருக்கிறார்கள். ஆயில் கெட்டியாக இருந்தால் அந்தப் படலம் விலக நேரமாகும், கோன் பிடிக்க நேரமாகும், அதுவரை ராடு எதிர்த்து நிற்கும். மார்கழிக் காலையில் முதல் சில நிமிடங்கள் கியர் கல்லாக இருந்து பிறகு இளகும் வண்டிகளில் காரணம் பெரும்பாலும் இதுவே.

கெட்டித்தன்மையைவிட மோசமான தவறு ரகத்தில் நடக்கிறது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று டப்பாவில் எழுதியிருக்கும். ஐந்து பெரிது, ஆகவே உசத்தி என்று வாங்குகிறோம். ஜிஎல்-5 பின் ஆக்ஸிலில் இருக்கும் ஹைபாய்ட் பற்களுக்காக வந்தது. அங்கே பற்கள் ஒன்றின்மேல் ஒன்று பயங்கர அழுத்தத்தில் வழுக்கும். அதைத் தாங்க, கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த காப்புப் பொருள் ஜிஎல்-4-ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு சேர்க்கிறார்கள். கோனுக்கு வேண்டியது உராய்வு. இது உராய்வைக் குறைப்பது. போதாததற்கு, சில கலவைகளில் அந்தக் கந்தகம் பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கவும் செய்யும். கோனுக்கு ஏற்ற வகையில் தயாரித்த ஜிஎல்-5 ஆயில்களும் உண்டு, அவற்றையே கேட்கும் பெட்டிகளும் உண்டு. ஆகவே விதி எளியது: கடைக்காரர் சொல்வதல்ல, மெக்கானிக்கின் வழக்கமல்ல, அந்த வண்டியின் கையேடு எந்த ரகத்தையும் எந்த எண்ணையும் சொல்கிறதோ அதுதான். 75டபிள்யூ-80 என்று சொன்னால் 75டபிள்யூ-80.

"கியர் ஆயிலெல்லாம் மாத்தவே வேண்டாம், வாழ்நாளுக்கும் ஊத்தியிருக்கு" என்பார்கள். யாருடைய வாழ்நாள்? முதல் முதலாளியுடையதா, மூன்றாவது முதலாளியுடையதா? பத்து வருடம் ஓடிய வண்டியில் கோன் தேய்ந்த பித்தளைத் தூள் அந்த ஆயிலில்தான் மிதக்கிறது. ஒரு தடவை வடித்துப் புதிதாக ஊற்றினால் பல வண்டிகளில் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் ஊற்றும் திருகைக் கழற்ற வேண்டும். அது கழன்று வந்தபிறகே வடிக்கும் திருகில் கை வைக்க வேண்டும். வடித்துவிட்டு, ஊற்றும் திருகு துருப்பிடித்துக் கழலாமல் போனால், ஆயிலில்லாத வண்டி பட்டறையிலேயே கிடக்கும். வடிக்கும் திருகின் காந்தத்தில் மை போன்ற குழம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லுகள் வந்தால் பல் உடைந்திருக்கிறது. அப்போது பெட்டியைத் திறப்பது நியாயம்.

மவுண்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால் முடுக்கும்போதும் விடும்போதும் என்ஜினே முன்னும் பின்னும் சாய்கிறது. ராடு இணைப்புள்ள வண்டியில் கியரும் கூடவே சாயும். முடுக்கும்போது கியர் ராடு தானே நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

இனி ஷார்ட் ஷிப்டர். பையன்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கியர் நன்றாக விழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். ஆனால் அவர்களுக்கு விற்கப்படும் வைத்தியம் தவறு. ராடின் நெம்புகோல் விகிதத்தை மாற்றிக் கைப்பிடி நகரும் தூரத்தைக் குறைப்பதுதான் அந்தச் சாமான் செய்யும் ஒரே வேலை. தூரத்தை 30 சதவீதம் குறைத்தால், அதே வேலையைச் செய்ய விசை 40 சதவீதத்துக்கும் மேல் கூடும்; நெம்புகோல் கணக்கை யாரும் ஏமாற்ற முடியாது. மணிக்கட்டு அதை "கெட்டியான ஃபீல்" என்று உணர்கிறது. தேய்ந்த புஷ் தேய்ந்தபடியே இருக்கிறது, விடாத கிளட்ச் விடாதபடியே இருக்கிறது. நிலை இறங்கிப் பூட்டு முரண்டு பிடிக்கும் தேக்குக் கதவுக்கு யாரும் சாவியை அறுத்துக் குட்டையாக்குவதில்லை. இங்கே அதைத்தான் செய்கிறோம்.

அவர்கள் எல்லோரும் கைகாட்டும் மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐயே எடுத்துக்கொள்வோம். 1989-இல் அது வந்தபோது கியர் விழும் விதத்துக்காகவே உலகம் முழுவதும் பேசப்பட்டது. ராடு குட்டை என்பதால் மட்டும் அந்தப் பெயர் வரவில்லை. அது பின்சக்கர இழுவைக் கார். பெட்டி என்ஜினுக்குப் பின்னால் நீளவாக்கில், ஓட்டுநரின் கைக்குக் கீழேயே இருக்கிறது. ராடு நேராகப் பெட்டிக்குள் இறங்குகிறது. நடுவில் கேபிள் இல்லை, நீண்ட இணைப்பு இல்லை. பெட்டியையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டத்தால் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள், முடுக்கும்போது ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் முறுக்கிக்கொள்ளாதபடி. அந்தச் சுகம் முழுச் சங்கிலியின் இறுக்கத்திலிருந்து வந்தது. நம்மிடமுள்ள முன்சக்கர இழுவைக் காரில் அதற்குப் பக்கத்தில் போக வேண்டுமானால், நம் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் புதிதாக்க வேண்டும். கைப்பிடியை வெட்டுவதால் நடக்காது.

கனமான கைப்பிடிக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். நகர ஆரம்பித்த எடை தன் வேகத்தில் கோனின் எதிர்ப்பைத் தாண்டிப் போய் விழ உதவும். பல கார் நிறுவனங்களே பெட்டியின் லிவரில் ஒரு இரும்புக் குண்டை மாட்டித் தருகின்றன. பானட்டைத் திறந்தால் பார்க்கலாம். ஏற்கெனவே அங்கே நிறுவனமே செய்துவைத்திருப்பதற்குமேல் கைப்பிடியில் கொஞ்சம் எடை கூட்டினால் சிறு பலன் கிடைக்கும். புஷ்ஷைச் சரிசெய்த பிறகு அதைச் செய்யுங்கள்.

ஆட்டோமேட்டிக் வாங்குங்க என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முட்டியில் வலி இருப்பவர்கள், சென்னை நெரிசலில் ஓட்டுகிறவர்கள் வாங்கட்டும்; அது அவர்கள் சௌகரியம். ஆனால் கியர் பாக்ஸ் தொல்லையிலிருந்து தப்பிக்க என்று சொல்லி வாங்கினால், தப்பித்தோமா என்று பார்க்க வேண்டும். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து, பிறகு குறைந்த விலைக் கார்கள் பலவற்றுக்கும் பரவிய ஏஎம்டி என்பது அதே மேனுவல் பெட்டிதான். அதே கோன், அதே ஃபோர்க், அதே உலர் கிளட்ச் பிளேட், அதே ஆயில். நம் கையும் காலும் செய்த வேலையை ஒரு சிறு பம்பும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. கிளட்ச் தேய்ந்தால் அதிலும் கியர் தடுமாறும், ஆயில் கெட்டால் அதிலும் கோன் தேயும். கவனிக்காமல் விட்ட பழக்கம் கூடவே வரும். வித்தியாசம், அதை உணர்த்த இனி நம் உள்ளங்கை அங்கே இருக்காது.

உள்ளங்கை என்றதும் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பயணம் முழுவதும் கியர் ராடின்மேல் கையை ஊன்றி வைத்திருப்பது நம் டிரைவர்களிடம் சாதாரணம். அந்த எடை ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவின் பள்ளத்தில் உரச வைக்கிறது. ஃபோர்க் தேய்கிறது, ஒரு நாள் கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வருகிறது. வண்டி முழுக்க நிற்கும் முன்பே ரிவர்ஸை அடித்துத் தள்ளுவதும், சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே முதல் கியரில் காத்திருப்பதும் அப்படியே. இவற்றை மாற்ற மெக்கானிக் வேண்டாம்.

இதையெல்லாம் வண்டிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டுமா, அது மெக்கானிக்கின் வேலையல்லவா என்ற கேள்வி வரும். பிரச்சினையே அந்த இடத்தில்தான் இருக்கிறது. நல்ல மெக்கானிக்குகள் இந்தப் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் பழுதுபார்க்கும் கையேடு இல்லை, பல சமயம் சரியான உதிரிபாகம் கைக்கு வராது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவலையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் தங்கள் வலைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தபோது கார்களையும் அதில் சேர்த்தது. ஒரு கிளட்ச் பெடலின் ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர், எந்த ஆயில் எத்தனை லிட்டர் என்ற விவரம் ரகசியமாக இருக்க எந்தக் காரணமும் கிடையாது. பதினெட்டு முறை நடந்து வந்து பெற்ற மந்திரத்தை இராமானுசர் ஊரறியச் சொன்ன கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தது திருக்கோஷ்டியூர். இங்கிருந்துகொண்டு அதைக் கேட்க நாம் தயங்கக் கூடாது.

"அப்படித்தான்" என்பவர்களின் கடைசி வாதம் செலவு. பழைய வண்டிக்கு எதற்கு இத்தனை என்பார்கள். பழைய வண்டிக்குத்தான் இது. கிளட்ச் அளவு வைக்க ஒன்றும் ஆகாது. புஷ், ஆயில், மவுண்டிங் எல்லாம் சேர்ந்தாலும் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிக்கு அருகில் வராது. விடாத கிளட்சோடு ஒரு வருடம் ஓட்டினால் நல்லாயிருந்த கோனும் தேய்ந்து, கடைசியில் பெட்டியை நிஜமாகவே இறக்க வேண்டி வரும். அப்போது "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்பார் முதலில் சொன்னவர். பெட்டியைக் கெடுத்தது அவர் அன்றைக்குச் சொன்ன அந்த "அப்படித்தான்".

இறக்கியே ஆக வேண்டிய வண்டிகளும் உண்டு. இரண்டாவது கியரோ மூன்றாவது கியரோ மட்டும், கிளட்சும் ஆயிலும் புஷ்ஷும் சரியாக இருந்தும், வேகத்தில் இறக்கும்போது கரகரக்கிறது என்றால் கோன் தேய்ந்திருக்கிறது. அப்போது மெக்கானிக்கின் பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய கோனைச் சக்கரத்தின் சரிவில் வைத்து அழுத்தி, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை விட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அளவு குறைந்திருந்தால் புதுக் கோன், கூடவே ஸ்லீவும் அதன் ஸ்பிரிங்குகளும் எப்படி இருக்கின்றன என்றும் பாருங்கள், பெட்டி திறந்திருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் அந்தக் கோனை மாற்ற விடாதீர்கள். கோளாறு இன்னும் வெளியேதான் இருக்கிறது, மறுபடி கிளட்சிலிருந்து தேட வேண்டும்.